கரடி தொடாத பை

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வரை கடலோரமாக இரண்டு நாள் நடக்கவிருந்த பன்னிரண்டு பேரின் சோற்றை எந்தப் பையில் கொண்டுபோவது என்று தீர்மானிக்க எங்கள் பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது. தலைவி நான். முதல் கூட்டத்தில் அதிக நேரம் பேசியவள் என்பதே தகுதி.

“எங்க வீட்டுல அரிசிச் சாக்கு ரெண்டு கிடக்கு. போதும்ளா டெல்பின்” என்றான் வகுப்புத் தோழன் ரெக்ஸ்.

“ஏலே, நாம என்ன ரேஷன் கடையா நடத்துதோம்?”

ஒருங்கிணைப்பாளர் அமலன் சார் ஒரு படிவத்தை நீட்டினார். ஏதோ வெளிநாட்டு மலையேற்றச் சங்கத்தின் இணையதளத்தில் எடுத்தது. ‘எதிர்ப்படக்கூடிய விலங்கு’ என்ற கட்டத்தில் மூன்றே தேர்வுகள்: கரடி, ஓநாய், மலைச்சிங்கம்.

“சார், அங்கன நாயும் காக்காயும்தான உண்டு?” என்றான் ரெக்ஸ்.

“நாய்க்குக் கட்டம் இல்லப்பா. ஒண்ணை டிக் பண்ணாம ஃபைல் நகராது.”

இந்த இடத்தில் நான் பொங்கியிருக்க வேண்டும். பொங்கினேன், கரடியின் பக்கம் நின்று.

“கரடி வராதுன்னு வனத்துறை எழுதித் தந்திருக்கா? இல்லைல்லா? பொறவு எதை வச்சுலே சொல்லுத?”

நாற்பது நிமிடத்தில் ரெக்ஸ் ஓய்ந்தான். வாதத்தில் நான் தோற்றதே இல்லை. அன்றைக்குத் தோற்றிருந்தால் சாப்பிட்டிருப்போம்.

கரடி நகத்துக்கும் கிழியாத ஆரஞ்சு நிறப் பை வந்தது. ஆளாளுக்கு அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம். உள்ளே புளிச்சோறு, அவித்த முட்டை, தின்பண்டமாகத் தூத்துக்குடி மக்ரூன்.

முதல் நாள் மதியம். கடலில் குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று முடிவு. முகாமை விட்டு அகலுமுன் பையை உயரமான மரத்தில் கட்டவேண்டும் என்பது படிவத்தின் விதி. அங்கே உயரமாக நின்றது பனை மட்டும்தான். பக்கத்தில் பனையேறிக்கொண்டிருந்த இசக்கியப்பன் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் ஏறி, பையை மட்டையோடு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார்.

யார் இறக்குவது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே நாங்களும் கேட்கவில்லை.

குளித்துவிட்டு வந்தால் அண்ணாச்சியைக் காணோம்.

“அவிய சாயர்புரத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாவ. இனி நாளைக் காலையிலதான்” என்றார் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பிளாரன்ஸ் அக்கா.

ரெக்ஸ் கல்லெறிந்தான். பட்ட கல்லெல்லாம் திரும்பி வந்தது. பை அவ்வளவு தரம்.

“ஏளா, சோத்தை எதுக்கு அங்கன ஏத்துனிய?”

“கரடி வரும்னு, அக்கா.”

அக்கா கடலைப் பார்த்தார். பனங்காட்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“எந்தப் பக்கமிருந்து?”

பதிலுக்குக் காத்திராமல் அக்கா எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வீட்டுச் சோற்றுப்பானையையும் மீன்குழம்புச் சட்டியையும் பன்னிரண்டு பேரும் வழித்து முடித்தோம். அன்று அந்தக் கரையில் அடுத்தவர் சாப்பாட்டைத் தின்ன வந்த விலங்கு நாங்கள்தான். மறுநாள் அண்ணாச்சி பையை இறக்கித் தந்தபோது உள்ளே எல்லாம் வெயிலில் கெட்டிருந்தது.

திரும்பியதும் அறிக்கை எழுதினேன்: ‘உணவு முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. எவரும் தொடவில்லை.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போடாதவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது என்றார்கள். ரெக்ஸ் உட்பட எல்லோரும் போட்டோம். அந்த அறிக்கையை வைத்து, எல்லாத் துறைகளுக்கும் இந்தப் பையே கட்டாயம் என்று உத்தரவு வந்துவிட்டது.

அதை எதிர்த்து அடுத்த வாரம் மாணவர் போராட்டமாம். நியாயமான போராட்டம். நானும் போய் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குப் பார்த்து, முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் படிவத்தில் கட்டம் நிரப்பச் சொல்லித்தரும் வகுப்பு எனக்கு.