வரி எண்ணும் ஆனால்காரரும்

ஆனால்காரர் என்று ஓர் இனம் உண்டு. குடியிருப்போர் சங்கத்திலும் பார்க்கலாம், அலுவலகக் கூட்டத்திலும் பார்க்கலாம். ஆனாலும் அது கொழுத்து வளர்வது, கணினி மொழி ஒன்றை ஊருக்கெல்லாம் இலவசமாக உருவாக்கித் தரும் குழுக்களில்தான்.

நம் ஆனால்காரர் அப்படியொரு குழுவில் பதினோரு வருஷமாக இருக்கிறார். அங்கே விதி எளிது: யார் வேண்டுமானாலும் புது வசதி கேட்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அது மொழியில் சேர்ந்துவிடும். சேர விடுவாரா நம்மவர்? ஒவ்வொரு கோரிக்கையையும் இரண்டு தடவை படித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "அருமையான யோசனை" என்று மனசாரப் பாராட்டி, பிற்காலச் சந்ததியை எண்ணிக் கவலைப்பட்டு, கடைசி வரியில் ஓர் 'ஆனால்' போடுவார். போச்சு. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பு. நாம்தான் குறுக்கே நிற்கிறோமோ என்று அவருக்கே சில சமயம் தோன்றும். ஆனால், யாராவது நிற்க வேண்டாமா?

அவர் மனைவி பள்ளி ஆசிரியை. கணவரின் மொழியாயிற்றே என்று பிள்ளைகளுக்கு அதையே சொல்லித் தந்தார். தப்பு நேர்ந்தால் அந்த மொழி "பிழை" என்று மட்டும் சொல்லும். எந்த வரியில் என்று சொல்லாது. முப்பது பிள்ளைகளும் விழிபிதுங்கிப் போனார்கள்.

"வரி எண்ணைக் காட்டச் சொல்லி உங்க குழுவுக்கு எழுதியிருக்கேங்க. இந்த வாரம் முடியலைன்னா வேற மொழிக்கு மாறிடலாம்னு தலைமை ஆசிரியை சொல்லிட்டாங்க. பார்த்துக்கோங்க."

"நீ கேட்டு யாரு மறுக்கப் போறா?"

வெள்ளிக்கிழமை மாலை வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அதுதான் உறுத்தியது. ஒருத்தர்கூடவா ஒழுங்காகப் படிக்கவில்லை? கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது விரல்கள் தாமாகவே தட்டின: 'அருமையான யோசனை. ஆனால், முதல் வரிக்கு எண் ஒன்றா, கணினி வழக்கப்படி பூஜ்யமா?'

தள்ளிவைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளி வேறு மொழிக்கு மாறியது. மனைவி வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தார்.

"யாருங்க அந்தப் புண்ணியவான்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான்தான்... நல்ல எண்ணத்துலதான்..."

மனைவி பையிலிருந்து பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து அடுக்கினார். பிறகு, "புது மொழி எந்த வரின்னு சொல்லுது. பிள்ளைங்க கைதட்டினாங்க" என்றார்.

வெட்கத்தில் தலை குனிந்தவர், குனிந்தபடியே கேட்டார்: "ஒண்ணுலேர்ந்து எண்ணுதா, பூஜ்யத்துலேர்ந்தா?"

சிரிக்கிறீர்கள் வாசகரே, சிரியுங்கள். ஆனால், 'அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கே' என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறதா? அப்படியானால் குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். அவருக்கு மறுபக்கத்து நாற்காலியை எனக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.