நாற்பத்து மூன்று நாள் தள்ளிய பொருத்தம்

உலகத்தில் பொருத்தக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கல்யாணத் தரகர்களைச் சொல்லவில்லை. அவர்களாவது பெண்ணையும் பிள்ளையையும் ஒருமுறை பார்க்கிறார்கள். நான் சொல்வது, எந்த இரண்டு வளைகோட்டைக் கண்டாலும் சேர்த்துவைக்காவிட்டால் சோறு இறங்காதவர்களை.

பிரேசர் டவுன் ஓஸ்வால்ட் அதில் முதல்தரம். வானியல் ஆய்வாளர். ஆராய்வது பிளேசார், அதாவது எங்கோ ஒரு கருந்துளை நம் முகத்துக்கு நேராகப் பீய்ச்சியடிக்கும் ஒளி. அது திடீரென்று காமாக் கதிரில் எகிறும். கண்ணுக்குத் தெரியும் ஒளி சில சமயம் கூடவே எகிறும், சில சமயம் பத்து நாள் கழித்து எகிறும், சில சமயம் எனக்கென்ன என்று சும்மா கிடக்கும். கிடக்கட்டுமே? ஓஸ்வால்டுக்குப் பொறுக்காது. இரண்டு ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் நாள்வாரியாகக் கோடு வரைந்து, ஒன்றை இடப்பக்கம் தள்ளுவார், வலப்பக்கம் தள்ளுவார், மேகம் மறைத்த நாட்களைக் கழிப்பார், ஒத்துவராத புள்ளியைக் கருவிக் கோளாறு என்று துரத்துவார், இரண்டு முகடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்வரை எழமாட்டார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணா எல்லாம் ஒத்துப்போகும்மா" என்பார், கூட வேலை செய்யும் லீனாவிடம்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. பதவி உயர்வுக் குழுவே முன்வரிசையில் உட்காரப்போகிறது. வியாழன் மாலை, நாற்பத்து மூன்று நாள் தள்ளியதும் அச்சு அசலாகப் பொருந்தியது. மைசூர்பாக் வரவழைத்தார்.

லீனா திரையை உற்றுப் பார்த்தாள். "சார், இது டெலஸ்கோப் ஃபைல் இல்லையே. ஓரத்துல 'மாத்திரைக்கு முன்'ன்னு இருக்கு."

ஓஸ்வால்ட் குனிந்து பார்த்தார். அது அவர் மனைவி பிரிஜெட்டின் ரத்த அழுத்தப் பட்டியல். தினமும் ஓஸ்வால்டே குறித்துவைப்பது. சரியான ஃபைலைப் போட்டார். அறுபது நாள் தள்ளினார், தொண்ணூறு தள்ளினார். முகடுகள் சேரவே இல்லை.

"பொருத்தம் இல்லைன்னே சொல்லுங்க சார். அதுவும் ரிசல்ட்தானே?"

நாலு வருஷ உழைப்புக்கு 'இல்லை' என்று ஒரு சொல்லா? பாவம், அவருக்கு அழுகையே வந்தது. ஆனாலும் மறுநாள் அதைத்தான் சொன்னார். குழு மரியாதையாகத் தலையாட்டியது. பதவி உயர்வை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, "பிரிஜெட், ஜூன் பதினேழுல காமா எகிறிச்சு. நாப்பத்து மூணு நாள் கழிச்சு, ஜூலை முப்பது, ஜாக்கிரதையா இரு" என்றார்.

"என் பிபி ஏற அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒண்ணு வரணுமா? நீங்கதான் இங்கேயே இருக்கீங்களே!"

சிரிக்கிறீர்கள். சரி, படிக்கும்போதே உங்கள் ஆபீஸ் ராஜேஷ்குமாரையோ மாமனாரையோ ஓஸ்வால்டின் மேல் வைத்து, இப்படித் தள்ளி அப்படித் தள்ளி, 'அச்சு அசல் அவரேதான்' என்று சொல்லிக்கொண்டது யார்?