ரிவர்ஸில் வாங்கிய கேரவன்

எனக்குக் கோபம் வரும். மூக்குக்கு மேல் வரும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மாமனாரை ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் போகாத யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம்.

வாங்கப் போனது ஒரு கேரவன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்த வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் இந்த டிராஃபிக்கைத் தலைமுழுகிவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவில் எங்கே இடம்? ஊருக்கு வெளியே ஆனேக்கலில் மாமனாருக்குக் காலி சைட், அதாவது வீட்டு மனை, இருந்தது. ஆகவே அவர் சம்மதித்தால்தான் வண்டி.

மாமனார் சாதாரண ஆளில்லை. அவர் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனில் யார் வீடு கட்டினாலும் வாசலில் போய் நின்று வாஸ்து சொல்பவர். (யாரும் கூப்பிட்டதில்லை.)

ஆனேக்கல் ரோட்டில் ஒரு ஷெட்டில் வண்டி நின்றது. விற்பவர் கன்னடக்காரர். "நோடி சார், ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் சார் இது!" என்றார். ஃபேன் சுற்றவில்லை. கேட்டதற்கு, "வண்டி ஓடினா காத்து வரும் சார்" என்றார். அப்போதே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

மாமனார் போனில் திசைகாட்டியைத் திறந்து உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். "அடுப்பு அக்னி மூலையில இருக்கு. பிரமாதம் மாப்ள!"

வண்டி அப்போது கிழக்கு பார்த்து நின்றது என்பது மடையன் எனக்கு உறைக்கவில்லை. விற்பவர் என் பக்கத்தில் உட்கார, என் மனைவி சுதாவும் அவள் அப்பாவும் பின்னால் உட்கார, கிளம்பினேன். முதல் வலது திருப்பத்தில் திரும்பினேன்.

"நிறுத்துங்க மாப்ள!"

யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று பதறி நடுரோட்டில் பிரேக் போட்டேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே கன்னடத்தில் விசாரித்தார்.

"என்ன மாமா ஆச்சு?"

"கக்கூஸ் ஈசானி மூலைக்கு வந்துடுச்சு! சாமி மூலை மாப்ள அது!"

"மாமா, இது வண்டி. திரும்பத்தான் செய்யும்."

"வீடுன்னு சொல்லித்தானே வாங்குறீங்க? அப்ப வாஸ்து பாக்க வேணாமா?"

"அப்பா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் சுதா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த இடது திருப்பத்தில் திரும்பினேன். மறுபடி கிழக்கு.

"ஆங், இப்ப சரி. இப்படியே நேராப் போங்க."

"நேராப் போனா மெட்ராஸ்தான் வரும் மாமா!"

"போயிட்டு வாங்க. யார் வேணாம்னது?"

"திரும்பி வரும்போது?"

மாமனார் யோசித்தார். சத்தியமாக உட்கார்ந்து யோசித்தார்.

"ரிவர்ஸ்லயே வந்துடுங்க."

அவ்வளவுதான். "ரிவர்ஸா? இந்தாங்க ரிவர்ஸ்!" என்று கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரில் ஏறி மிதித்தேன். கேமரா உண்டா, கண்ணாடி உண்டா, ஒன்றையும் பார்க்கவில்லை. பின்சக்கரம் சாக்கடையில் இறங்கியது. பின்பக்கம் ஒரு தைலமரத்தில் போய் மோதி, கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

விற்பவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆய்த்து சார். வண்டி இனிமே உங்களுது."

மாமனார் இனி சைட் பக்கமே என்னை விடமாட்டார் என்று நினைத்தேன். அவரோ போனை நீட்டியபடி இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு டிகிரிகூட மாறல மாப்ள! இவ்வளவு இடிச்சும் கிழக்கு பாத்தே நிக்குது. நம்மளத் தேடி வந்த வீடு இது. முடிச்சிடலாம்!"

ஆக, அவர் சம்மதம் கிடைத்துவிட்டது. வண்டி இப்போது ஆனேக்கல் சைட்டில் கிழக்கு பார்த்து நிற்கிறது. டயர்களைக் கழற்றி ஹாலோ பிளாக் மேல் ஏற்றிவிட்டார். ஐயரை வரவழைத்துப் பால் காய்ச்சினோம். "ஒரே ஒரு தடவை கோவா வரைக்கும்..." என்று நான் இழுத்தபோது, "குடிவந்த வீட்டை நகத்தக் கூடாது மாப்ள" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

உறவுக்காரர்கள் பார்க்க வரும்போதெல்லாம் சுதா என்னைக் காட்டிச் சொல்வது இதுதான்: "கோவம் வந்தா மத்த ஆம்பளைங்க வீட்டை விட்டுப் போவாங்க. எங்க வீட்டுக்காரர் கோவத்துல வீடு வாங்கினவர்."