கடல் இல்லாத ஊரின் நங்கூரம் நானா

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அலை பார்க்க ஆசைப்பட்டால் திருகோணமலைக்கு பஸ் ஏற வேண்டும். ஆனாலும் இந்தத் தீவிலேயே நங்கூரத்துக்கு அதிக மரியாதை கொடுக்கிற மனிதர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறார் என்று யாரிடமும் பந்தயம் கட்ட நான் தயார். துறைமுகத்துக் கேப்டன்கள் எல்லாரும் வரிசையாக வரட்டும். நங்கூரம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக வருவார். பாடம் கேட்காமல் ஒருவரும் திரும்ப முடியாது.

முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். நாவுலைப் பக்கம் பெரிய நீர்த்தேக்கம் வந்ததும் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவது தொழில். சிங்களத்திலும் நங்கூரத்துக்கு ஏறக்குறைய இதே சொல் என்பதால், பட்டப்பெயர் வைப்பதில் ஊருக்குள் மொழிப் பிரச்சினையே வரவில்லை.

மாலையில் படகு கரைக்கு வந்ததும் நங்கூரத்தைச் சேறு போகக் கழுவுவார். சங்கிலியை வளையம் வளையமாகத் தடவுவார். கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவார். கரையில் ரோல்ஸும் பால் சேர்க்காத பிளேன்டியும் விற்கிற அவருடைய மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்க மாட்டாரு. எனக்கு வந்த சக்களத்தி இரும்புல வந்திரிக்கா, தம்பி!"

நானா அசைய மாட்டார். "இவளெ எறிஞ்சா கோவிப்பா. மெதுவா எறக்கினாத்தான் பிடிப்பா. ஒனக்கு அந்தக் கொணம் இரிக்கா?" என்பார். பதிலுக்கு ரோல்ஸ் கரண்டி பறக்கும்.

நான் மாத்தளையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாண ஜோடிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் படம் எடுப்பது இப்போதைய மோஸ்தர். அப்படித்தான் முதன்முதலில் அவருடைய படகுக்குப் போனேன். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கால் வைத்தேன். வைத்த இடம், சுருட்டி வைத்திருந்த நங்கூரக் கயிற்றின் நடு வளையம்.

"காலெ எடுங்க!"

மலைப் பக்கத்திலிருந்து எதிரொலி வந்தது. எடுத்தேன்.

"சப்பாத்தெக் கழட்டுங்க."

ஏன் என்று கேட்காமல் கழற்றினேன். குரல் அப்படி. புத்தம் புதுத் தோல் சப்பாத்து. அதை வாங்கி அதே வளையத்துக்குள் வைத்தார். நங்கூரத்தைப் படகின் முன்பக்கமாகத் தண்ணீருக்குள் விட்டார். கயிறு சீறிக்கொண்டு ஓடியது. சப்பாத்து ஒரு துள்ளுத் துள்ளி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.

"இப்ப போனது சப்பாத்தா, காலா?" என்று கேட்டார்.

"கால்தான் நானா," என்றேன். அன்று முழுக்க அவருடைய ரப்பர் செருப்பில்தான் படம் எடுத்தேன்.

இந்த ஞானமெல்லாம் அவருக்குச் சும்மா வரவில்லை. முதல் படகோட்டத்தன்று சொந்தபந்தம் எல்லாம் கரையில் நிற்க, நானா நடுத் தண்ணீரில் கம்பீரமாக நங்கூரத்தை வீசியிருக்கிறார். கயிறு ஓடியது, ஓடியது, கடைசி முனையும் ஓடிவிட்டது. அந்த முனையைப் படகில் கட்ட மறந்துவிட்டார். "அது இன்னும் அடியில நல்லாத்தான் பிடிச்சுக்கிட்டு இரிக்கும், மகன். படகுதான் இல்ல," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு, கயிற்று முனையை இழுத்துப் பார்க்காமல் அவர் படகை நகர்த்தியதே இல்லை.

நான் சொல்ல வந்தது துர்காவின் படப்பிடிப்பைத்தான். துர்கா எங்கள் மாத்தளைப் பிள்ளை, டீச்சர். மாப்பிள்ளை கண்டி. கூடவே கொழும்பிலிருந்து அவளுடைய பெரிய மாமாவும் வந்திருந்தார். பட்டுச் சேலைக்கும் சட்டைக்கும் மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு நானா இறுக்கியதில், ஜோடி இருவரும் ஆரஞ்சு நிறப் பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கழற்றச் சொல்லி நான் கெஞ்சியும் பலிக்கவில்லை. அதற்கு மேல் நங்கூரப் பாடம் வேறு. துர்கா மட்டும் வகுப்பில் இருப்பதுபோல் கவனமாகக் கேட்டாள்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "நான் பேருவளைக் கடலே பார்த்தவன்ங்க. குளத்துக்குப் போயி நங்கூரமா?"

சிரித்த கையோடு, படகின் பின்பக்கத்தில் நீளநீளமாகக் கலர் துணிகளைக் கட்டினார். அழகுக்காம். அவிழ்க்கச் சொல்லி நானா கேட்டார். மாமா சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றை மட்டும் அவிழ்த்தார்.

நடுத் தண்ணீரில் நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. துணியொன்று பறந்து தண்ணீரில் விழுந்து, இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமிவிட்டு நின்றது. படகு குறுக்காகத் திரும்பி நகர ஆரம்பித்தது. நகர்ந்த திசையில், தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போன மரங்கள் ஈட்டி மாதிரி நின்றன.

மாமா பாய்ந்து நங்கூரத்தைத் தூக்கினார், பின்பக்கத்தில் வீசுவதற்கு.

"வைங்க அதெ!" நானாவின் குரல் அன்றைய எதிரொலியைவிடப் பெரிதாக இருந்தது. "பின்னால போட்டா அந்தப் பக்கம் தாழ்ந்து தண்ணி உள்ளுக்கு வரும். எல்லாரும் உக்காருங்க. கயித்துக்குள்ள யாரு கால்?"

"என் காலு வெளிய இருக்கு நானா! இவரு காலையும் எடுத்துட்டேன்!" என்றாள் துர்கா, மாப்பிள்ளையின் முழங்காலைப் பிடித்து இழுத்தபடி.

நானா முன்பக்கம் போய் நங்கூரத்தைக் கைக்குக் கை மாற்றி இறக்கினார். அடி தட்டியதும் கயிற்றை விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார்.

"போதும்ங்க, இழுத்துப் பிடிங்க!" என்று மாமா அலறினார்.

"கயித்துல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. நீளமா விட்டாத்தான் படுத்துப் பிடிக்கும். டீச்சர், கரையில அந்தக் கல்லையும் பின்னால நிக்கிற பனையையும் பாருங்க. ரெண்டும் வெலகினா படகு இன்னும் நகருது. சொல்லுங்க."

"வெலகுது நானா!"

இன்னும் கயிறு போனது. மரங்கள் பக்கத்தில் வந்துவிட்டன. கிளையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் எங்களைப் பார்த்து எழுந்து பறந்ததை நான் கண்டேன். கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கை பழக்கத்தில் பட்டனை அமுக்கியிருக்கிறது.

"வெலகுது... வெலகுது... இல்ல, நிக்குது! நானா, நிக்குது!"

கயிறு விறைத்தது. படகு மெல்லத் திரும்பி, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே சாய்த்து, விசிறியில் சுற்றியிருந்த துணியை நானா அறுத்தெடுக்கும்வரை, மாமா அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேருவளையைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

கரைக்கு வந்தால் நானா ஊரைக் கூட்டி மார் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிளேன்டிக் கோப்பையைக் கையில் வாங்கினார். வாய்க்குப் போகுமுன் பாதி சாரத்தில் கொட்டியது. மனைவி கோப்பையை வாங்கி, அவருடைய கையைத் தன் முந்தானைக்குள் பொத்திக்கொண்டார்.

"பயந்தீங்களா நானா?" என்று கேட்டேன்.

"பின்ன? பயம் இல்லாதவனெப் படகுல ஏத்தவே மாட்டேன்," என்றார். பிறகுதான் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா பாத்தீங்கதானே மகன், எப்பிடிப் பிடிச்சா!"

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தங்கள் படம் வேண்டாம் என்று துர்கா சொல்லிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அந்தப் படம்தான் வேண்டுமாம். நனைந்த சாரமும் கையில் ஓடும் கயிறுமாக நானா, பின்னால் வாய் பிளந்த மாமா. அதன் பெரிய பிரதியொன்றை என் ஸ்டூடியோவின் முன் கண்ணாடியில், மணப்பெண்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள், "இது யாருங்க, கல்யாணப் படங்களுக்கு நடுவுல?"

நானாவும் நானும் ஒரே சாதியும் இல்லை, ஒரே மதமும் இல்லை, சொந்தமும் இல்லை. ஆனாலும் யோசிக்காமலே வாயில் வருகிறது: "எங்க அண்ணன்ங்க."