கோவில்பதாகை ப்ளூ

செபாஸ்டியன் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தான். பட்டாம்பூச்சி இருந்தது. புள்ளியைத்தான் காணோம்.

சாயங்காலம் அவன் பூந்தமல்லிக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். ஞானசௌந்தரி வீட்டில் ஒரு வழக்கம். நகை, சீரெல்லாம் அப்புறம்தான். மாப்பிள்ளையாக வருகிறவன் முதலில் ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சியைக் கொண்டுவந்து, இறக்கையைப் பார்த்து அது என்ன இனம் என்று சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா விலங்கியல் வாத்தியார். அவர் ஆரம்பித்து வைத்த வம்பு இது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சௌந்தரியின் அப்பா ஆரோக்கியசாமி விடுவதாக இல்லை. தாம் பெண் கேட்டு வந்தபோது கொடுத்த பட்டாம்பூச்சியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இறக்கையில் மூன்று புள்ளி. அந்த மாதிரி இன்னொன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

சௌந்தரி பாவம், அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அவனுக்குப் பாடமே எடுத்தாள்.

"மேல்பக்கம் எல்லாமே நீலம்தான். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. உட்கார்ந்து இறக்கையை மூடும் பாருங்க, அப்போ அடிப்பக்கத்தைக் கவனிங்க. கோடு கோடா இருந்தா ஜீப்ரா ப்ளூ. சின்ன வாலு, வால்கிட்ட ஆரஞ்சு வளையத்துல ரெண்டு கறுப்புப் புள்ளி இருந்தா கிராம் ப்ளூ."

கோவில்பதாகை ஏரிக்கரையோரப் பயிற்றங்கொல்லையில் காலையெல்லாம் முள்ளில் விழுந்து எழுந்து, அவன் நிஜமாகவே ஒரு கிராம் ப்ளூவைப் பிடித்துவிட்டான். பக்குவமாகத்தான் தீப்பெட்டிக்குள் வைத்தான். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் இரும்பை ராவுகிற விரல் அது. இறக்கைப் பொடி புள்ளியோடு சேர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறே?" என்றான் கூட வேலை செய்யும் ஜேம்ஸ். "புள்ளிதானே மாமே. பேனா மசி கீது, ஈர்க்குச்சி கீது. நான் வெச்சித் தரேன்."

ஜேம்ஸ் வைத்த முதல் புள்ளி கடுகளவுக்கு ஊறிப் பரவியது. இரண்டாவதை அதற்குச் சமமாகப் பெரிதாக வைத்தான். நடுவில் ஒரு சொட்டு தானாக விழுந்தது. அதற்கு ஜோடி வேண்டாமா? நாலாகிவிட்டது. ஆரஞ்சுக்கு மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் குழைத்து வளையம் போட்டான்.

"இன்னாடா இது, திருஷ்டி பொம்மை மாதிரி ஆக்கிட்டே?"

"தூரத்துலேர்ந்து காட்டுடா," என்றான் ஜேம்ஸ்.

ஆரோக்கியசாமி தூரத்திலிருந்து பார்க்கிற ஆள் இல்லை. சாயங்காலம் செபாஸ்டியன் போய் நின்றதும் டிரான்சிஸ்டரை அணைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தீப்பெட்டி மேலேயே கவிழ்ந்துவிட்டார்.

"என்ன இனம் தம்பி?"

"கிராம் ப்ளூங்க."

"அதுக்கு ரெண்டு புள்ளிதானே? இதுல நாலு இருக்கே."

செபாஸ்டியன் சௌந்தரியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இது... வேற இனங்க ஐயா. ஏரிப் பக்கம் மட்டும்தான் வரும்."

"பேரு?"

"கோவில்பதாகை ப்ளூங்க."

சொன்ன வாயை அங்கேயே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. பெரியவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்போ புதுசுதான். நாளைக்கே எழும்பூர் மியூசியத்துக்கு எடுத்துக்கினு போறேன். நீயும் கூட வா தம்பி. அங்க இருக்கிற பெரிய ஆளுங்க நாலு கேள்வி கேட்பாங்க, பதில் சொல்லு."

செபாஸ்டியனுக்கு வியர்த்துக் கொட்டியது. குனிந்து பார்த்தவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறக்கை மேலேயே விழுந்தது. நாலு புள்ளியும் கரைந்து தீப்பெட்டிக்குள் ஓடின.

"புள்ளி நாங்க வெச்சதுங்க ஐயா," என்றான். "புடிச்சது நெஜமா கிராம் ப்ளூதான். என் கைபட்டு அழிஞ்சு போச்சு. பூச்சியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சௌந்தரின்னா எனக்கு உசுரு. அது ஒண்ணுதான் தெரியும். கட்டிக் குடுத்தீங்கன்னா நல்லா வெச்சிப்பேன்."

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று காத்திருந்தான். பெரியவர் இருமினார். பூதக்கண்ணாடியைத் துடைத்தார். சுவரிலிருந்த தம்முடைய பட்டாம்பூச்சியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"தவக்காலத்துல கல்யாணம் கூடாது. அதுக்கு முன்னாடியே வெச்சிக்கலாம்," என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சர்ச் சாமியாரைப் பார்க்க விடுவிடுவென்று கிளம்பிப் போய்விட்டார்.

செபாஸ்டியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதுவரை வாயே திறக்காத சௌந்தரியின் அம்மா, காபி டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, மசி குளமாகக் கிடந்த தீப்பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"பேனா மசி வெச்சா கரையாம இன்னா பண்ணும் தம்பி?" என்றாள். "இந்தியன் இங்க் வெச்சிருக்கணும். அவரு எங்கப்பாவுக்குக் கொண்டாந்ததுல வெச்ச புள்ளி, இன்னிக்கு வரைக்கும் அழியல."