லாலான்காரர் எனக்குத் தேர்ந்தெடுத்த புல்

மலேசியாவின் கேமரன் மலையில் புல்லோடு மரியாதையாகப் பேசிய மனிதர் ஒருவர்தான். அதே புல்லைப் பகலெல்லாம் மருந்தடித்துக் கொன்றவரும் அவரேதான்.

எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி சொல்வதைப் பிழையோடு டைப் அடிப்பவன். தேயிலைக்கு நடுவே முளைக்கும் லாலான் புல்லை, முதுகில் பம்பு சுமந்து ஒழிப்பது லாலான்காரர் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மற்ற வாசல்களில் ரோஜா, டேலியா. இவர் வாசலில் வெட்டிவேர், துடைப்பப்புல். நட்டநடுவே வெள்ளைக் கதிர் ஆட, அந்த லாலானே.

“யோவ், காட்டுல கொல்ற, வீட்டுல வளக்குறியா?” என்பார் கங்காணி.

“அங்க அது வேலையக் கெடுக்குது. இங்க ஒரு வேலையும் இல்ல லா, சும்மா ஆடட்டும்.”

எனக்குக் கிராணி வீடு கிடைத்ததும், வாசலுக்கு அழகாக ஒரு புல் அவரிடம் கேட்டேன். வந்து குந்தினார். கண்ணை மூடிக் காற்றைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா எத்தன மணிக்கு எழும்புவீங்க?”

“ஏழரை.”

“ஆபீஸ் ஏழு மணிக்குல்ல?”

நான் மேகத்தைப் பார்த்தேன்.

“உங்களுக்கு செராய்தான், எலுமிச்ச வாசன அடிக்கிற புல்லு. தண்ணி ஊத்தாட்டியும் சாகாது. அழகா வராட்டியும் தேத்தண்ணில போட்டுக்கலாம்.”

என் குணத்தை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அவர் நட்டுத் தருவதற்குள் தோட்டத்துத் துரையின் கண்ணில் அவர் வாசல் லாலான் பட்டுவிட்டது. விதை பறந்து தேயிலையில் விழுமாம். மாதக் கடைசிக்குள் அழிக்காவிட்டால் வேலை போகும்; வேலையோடு லய வீடும். நோட்டீஸை டைப் அடித்தவன் நான். அவருக்குப் படிக்கத் தெரியாததால் வாசித்துக் காட்டியவனும் நான்.

“நல்லா படிச்சீங்கய்யா” என்றார்.

“மருந்து அடிச்சா ஒரு நாள் வேலைதானே, அண்ணே?”

“வாசல்ல வளத்ததுக்கு அடிக்கக் கை வராதுங்க.”

விரல் நீளம் வேர் தங்கினாலும் லாலான் மறுபடி முளைக்கும். ஒவ்வொரு வேராகக் கையால் தோண்டி எடுத்தார். துரை வந்து, வெறும் மண்ணைப் பார்த்துத் தலையாட்டிப் போனார். மறு ஞாயிறு லாலான்காரர் என் வாசலில் செராய் நட்டார், தன் வீட்டு மண் இரண்டு கூடையோடு.

சில மாதம் கழித்து செராய்க்கு நடுவே தெரியாத ஓர் இலை.

“அண்ணே, இது லாலான் இல்ல?”

குனிந்து வெகுநேரம் பார்த்தார். “மண்ணோட வந்திருக்கும் லா.”

துரை லயத்தைச் சோதிப்பாரே தவிர, கிராணி வீட்டு வாசலை எட்டிப் பார்க்க மாட்டார். இது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவருக்கு எப்போது உறைத்ததோ!

“கதிர் விரிஞ்ச அன்னைக்கே நறுக்கிடுங்க. பறந்தா தேயிலைக்குக் கேடு” என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

நோட்டீஸ் அடித்த அதே கையால் நறுக்கினேன், ஒரு கதிர் விடாமல். ஆனால் விரிந்த அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து போகும்வரை கத்தரிக்கோலை எடுத்ததில்லை.