டைம் ஆபீஸ் அக்காவின் பலகையில் ஓர் ஆணி காலி

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில் சேரவிருந்த என் மகள் கயலிடம், பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு குட்டி பக்கெட் வீல் நிற்கிறது, மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்கும் பிள்ளைகளை அது வாரிக்கொண்டு போய்விடும் என்று சொன்ன அறிவாளி நான்தான்.

நெய்வேலிப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பக்கெட் வீல் என்பது சுரங்கத்தில் மண்ணை வெட்டி வாரும் இயந்திரம். ஒரு தெருவையே தூக்கி நிறுத்தினாற்போல் இருக்கும். முனையில் ஒரு ராட்டினம், ராட்டினம் முழுக்க வாளிகள். வாரிய மண், நிற்காமல் ஓடும் ரப்பர் பெல்ட்டில் விழுந்து ஊர் தாண்டிப் போகும். அந்த பெல்ட்டைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே என் பொய்யில் தொழில்நுட்பப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. வாரப்பட்ட பிள்ளை எந்த பெல்ட்டில் விழும், எங்கே அடுத்த பெல்ட்டுக்கு மாறும், ஹெச்.எம். எந்த சுவிட்சைப் போடுவார் என்பதுவரை படம் போட்டே விளக்கினேன். மே மாதம், பலாச்சுளை தின்றபடி, வேறு வேலையில்லாத ஒரு மத்தியானம். கயல் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சந்தேகம் கேட்டாள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சுதாரிக்காததால்தான் டைம் ஆபீஸ் அக்காவிடம் போய் மாட்டினேன்.

எங்கள் டவுன்ஷிப்பில் கேட்டுகளுக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கியோடு ஆள் நிற்கும் கேட் உண்டு, கேமரா வைத்த கேட் உண்டு. ஆனால் எங்கள் பிளாக் ஆரம்பப் பள்ளியின் கேட்டைப் போலப் பாதுகாப்பான கேட் இந்தப் பூமியில் வேறில்லை. அங்கே ஓர் ஈ உள்ளே போனால், வெளியே வருவது அதே ஈதானா என்று பார்ப்பார் அக்கா.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. காடாம்புலியூர்க்காரர், மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு, சைக்கிளில் வருவார், நீலப் புடவைமேல் காக்கிக் கோட்டு. பல வருடம், சுரங்கத்தில் ஆள் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கியவர். பிறகு கான்ட்ராக்ட் மாறி, பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது துடைப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு, டைம் ஆபீஸின் சட்டதிட்டங்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

அதில் முதல் சட்டம் டோக்கன். சுரங்கத்தில் முன்பு அப்படித்தான். உள்ளே போகும் ஆள் தன் எண் போட்ட வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், வெளியே வந்ததும் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஆள் கிடைக்கும்வரை எவரும் வீட்டுக்குப் போக முடியாது. சுரங்கமே இதைக் கைவிட்டு, முகத்தைக் காட்டி உள்ளே போகும் காலத்துக்கு வந்துவிட்டது. அக்கா விடவில்லை. ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்தார். தண்ணீர் பாட்டில் மூடிகளில் ஓட்டை போட்டு, சிவப்பு நெயில் பாலிஷில் எண் எழுதி மாட்டினார். பள்ளிக்கு வரும் வெளியாள் யாரானாலும் மூடியோடு உள்ளே போக வேண்டும், மூடியோடு வெளியே வர வேண்டும்.

ஒருமுறை ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கும் ஒரு மூடி கொடுத்தார் அக்கா. மனிதர் சந்தனம், ரோஜாவோடு இதுவும் ஒரு மரியாதை போலும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரேறிப் போய்விட்டார். சாயங்காலம் அவருடைய பங்களா வாசலில் சைக்கிள் மணி கேட்டது. என்னம்மா வேண்டும் என்று அவர் விசாரித்தபோது அக்கா சொன்னாராம்:

"சார், கணக்குப்படி நீங்க இன்னும் ஸ்கூலுக்குள்ளதான் இருக்கறீங்க. வெளிய வந்துட்டீங்கன்னா நா வூட்டுக்குப் போவேன்."

அதிகாரி சலவைக்குப் போட்ட சட்டையைத் தேடி எடுத்து, மூடியைக் கொடுத்து, முறைப்படி வெளியே வந்தார்.

ஆனால் அக்காவின் உண்மையான திறமை வருடத்துக்கு ஒரு நாள்தான் வெளிப்படும். பள்ளி திறக்கும் நாள். அன்றைக்கு வாசலில் வாழைமரமும் பலூனும் கட்டியிருக்கும். ஹெச்.எம். கற்கண்டுத் தட்டோடு நின்று குடும்பம் குடும்பமாக வரவேற்பார். பெற்றோர் வகுப்பறைவரை போய்ப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு வரலாம். போய்விடுவார்கள், வரமாட்டார்கள். அப்பாக்கள் பாதாம் மரத்துக்குப் பின்னால் மறைவார்கள். அம்மாக்கள் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருப்பார்கள். அக்கா பலகையைப் பார்ப்பார். ஏழு ஆணி காலி. உள்ளே போய், மரத்துக்கு இரண்டு, ஜன்னலுக்கு நான்கு, கழிவறைச் சுவரோரம் ஒன்று என்று ஏழு பேரையும் பொறுக்கிக்கொண்டு வருவார். மேனேஜர், டாக்டர் என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த ஜூன் காலையில் என் மனைவி சுமதிக்கு ஆஸ்பத்திரியில் காலை டூட்டி. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். இன்றைக்குக் கயல் உள்ளே போகாவிட்டால் நாளைக்கும் போக மாட்டாள், அவளை எனக்குத் தெரியும், நீ விளையாட்டுக் காட்டாமல் விட்டுவிட்டு வா. நான் தலையாட்டினேன். விளையாட்டை ஒரு மாதத்துக்கு முன்பே காட்டி முடித்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.

கேட்டுவரை கயல் ஒழுங்காகத்தான் வந்தாள். கேட்டைப் பார்த்ததும் அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஹெச்.எம். அன்போடு குனிந்து கற்கண்டை நீட்டினார். கயல் அதை வாங்கிக்கொண்டு, "சுவிட்ச் எங்க இருக்கு, டீச்சர்?" என்று கேட்டாள்.

எந்த சுவிட்ச் என்று அவர் கேட்கவும், கயல் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வாளி, பெல்ட், இரண்டாவது பெல்ட், கொட்டும் இடம். ஒரு விவரம் விடவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர், அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். மே மாதம் முழுக்க மாமரத்தடியில் அவர்களுக்குப் பாடம் நடந்திருக்கிறது. ஹெச்.எம். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார்.

"எங்க அப்பா. அவரு பெல்ட் செக்‌ஷன்."

வரவேற்க வந்தவர்கள், வரவேற்கப்பட வந்தவர்கள், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு மண்டியிட்டு, அப்பா சும்மா சொன்னேன் கண்ணு, எல்லாம் பொய் என்றேன். கயல் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இப்பதான் பொய் சொல்ற. டீச்சர் இருக்காங்கன்னு பயந்துகிட்டு."

அதற்குள் போன் அடித்தது. சுமதி. போய்விட்டாளா என்றாள். போய்க்கொண்டே இருக்கிறாள் என்றேன். கம்பிகளைப் பிடித்த கைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆகியிருந்தன. எங்கள் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பிள்ளைகள், நாலு பேர் பயப்பட்டால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கையில் சேர்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். பொய் என்று சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை. கயலைப் பார்த்து, மிஷின் ஓட வேண்டுமானால் முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்று உங்கப்பன் சொன்னாரா என்று கேட்டார். கயல் இல்லை என்றாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரியாதவனைப் பார்க்கும் பார்வை.

"என்னியத்தான் கேக்கணும், பாப்பா. உள்ள ஆள் இருந்தா எந்த மிஷினும் ஓடக் கூடாது. அது சட்டம். நா பலகையப் பாப்பேன். ஒரு ஆணி காலியா இருந்தாலும் ஓட்டாதன்னு சொல்லிடுவேன்."

கயல் யோசித்தாள். டீச்சர் கேட்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டால்?

"போடுவாங்களா டீச்சரு?" என்று அக்கா ஹெச்.எம்.மிடமே கேட்டார். ஹெச்.எம். மிகவும் பணிவாக, மாட்டேன் என்றார். அவர் அந்த வருடம் கொடுத்த முதல் வாக்குறுதி அது.

அக்கா பதினேழாம் எண் மூடியை எடுத்துக் கயலின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பத்திரம், தொலைக்கக் கூடாது, வெளியே வந்ததும் நீயே உன் கையால் மாட்ட வேண்டும் என்றார். கயல் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். பிறகு இன்னொரு கையை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். மற்ற பிள்ளைகள் எங்களுக்கும் டோக்கன் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள்.

பின்னாலேயே போகலாம் என்று நானும் ஒரு மூடிக்குக் கை நீட்டினேன்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு டோக்கன், சார். உங்களுது உள்ள போயிடுச்சு."

அத்தோடு விட்டாரா. சுரங்கத்தின் இரண்டாம் சட்டத்தையும் எடுத்தார். மாற்று ஆள் வரும்வரை, இருக்கிற ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. பொண்ணு வெளியே வரும்வரை நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும், வந்து பார்க்கும்போது உங்களைக் காணவில்லை என்றால் நாளைக்கு என் பேச்சை அது நம்பாது என்றார். ஒன்றாம் வகுப்புக்கு முதல் நாள் மதியம்வரைதான். நான் கேட்டுக்கு வெளியே புங்கமரத்து வேரில் உட்கார்ந்தேன். வருகிற போகிற அப்பாக்கள், இவர்தானே அந்த பெல்ட் செக்‌ஷன் என்று அடையாளம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணி சுமாருக்கு உள்ளே ஒரு பிள்ளை அழுகிற சத்தம். கயலின் குரல்போலவே இருந்தது. அக்கா பால்காரரிடம் பேசுகிற சமயம் பார்த்து, பின்பக்கக் காம்பவுண்டுக்குப் போய், யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளின் கேரியர்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது, பிள்ளைகள் தெரியவில்லை. குதிகாலை உயர்த்தினேன்.

"அது என் சைக்கிளு," என்றது கீழே ஒரு குரல்.

இறங்கினேன். அழுவது என் பெண்ணா என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன். அக்கா சீட்டைத் துடைத்தார், கேரியரை ஆட்டிப் பார்த்தார்.

"அது வேற பொண்ணு. உங்க பொண்ணு அதுகிட்ட டோக்கனக் காட்டிகினு தைரியம் சொல்லிகினு இருக்குது. போய் ஒக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தேக்கிலையில் நான்கு பலாச்சுளை வந்தது. மூஞ்சி வாடிப் போயிருக்கிறது, சாப்பிடுங்கள் என்று கேட்டிலிருந்தே கையைக் காட்டினார்.

மணி அடித்தது. கூட்டிப்போக வந்தவர்களை அக்கா கேட்டுக்குள் பலகைவரை விட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, எட்டியும் எட்டாமலும், மூடியை ஆணியில் மாட்டினார்கள். மாட்டியவர்களை அவரவர் வீட்டார் அள்ளிக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளையும் வந்தாகிவிட்டது. பதினேழாம் ஆணி காலி.

வகுப்பு டீச்சர் வந்து, எல்லாரையும் அனுப்பிவிட்டேனே என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு வேடிக்கையும் நினைவுக்கு வரவில்லை. அக்கா கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு குடும்பமும் வெளியே போக முடியாது. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா பலகையைக் காட்டினார். சுரங்கத்துக்காரர்கள்தானே, புரிந்தது. முணுமுணுத்தவரே முதல் ஆளாகத் தேடப் போனார். அக்கா அன்றைக்கு நடக்கவில்லை, ஓடினார். செருப்பு ஒன்று கேட்டருகே கிடந்தது.

சத்துணவுக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு அக்காவின் இடுப்பில் வந்தாள் கயல். உடம்பெல்லாம் ஒட்டுப்புல். இறங்கி, பலகைக்குப் போய், மூடியை மாட்டிவிட்டு, என்னிடம் வந்தாள். முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

"பின்னாடி ஃபுல்லா தேடிட்டேம்பா. மிஷினே இல்ல."

அக்கா திரும்பி நின்றுகொண்டு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். சிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, ஒற்றைச் செருப்போடு, எல்லோரையும் எண்ணி எண்ணி வெளியே விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போனாள், வந்தாள் என்றேன். நடுவில் நடந்ததைச் சுமதி இந்தப் பத்திரிகையில்தான் படிக்கப் போகிறாள்.

கயல் மறுநாள் தானாகவே போனாள். அந்த வாரமே ஹெச்.எம். உத்தரவு போட்டுவிட்டார்: முதல் நாள் மூடி பிள்ளைகளுக்கு மட்டும். மரத்துக்குப் பின்னால் அப்பாக்கள் ஒளிந்த காலம் முடிந்தது.

இந்த ஜூனில் கயல் ஐந்தாம் வகுப்பு. ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். வாழைமரம், பலூன், கற்கண்டு எல்லாம் இருந்தது. கேட்டுக்கு இருபதடி முன்னாலேயே என் வண்டியிலிருந்து குதித்து, அக்காவுக்கு மட்டும் கையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். எனக்கு அன்று ரெஸ்ட் நாள், போகவேண்டிய இடமும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் அப்பாக்களைப் புங்கமரத்து நிழலில் உட்காரச் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்தது. அக்கா பலகையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் இவ பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவா. நான் வராம உங்களுக்கு எப்படிக்கா பொழுது போகும்?" என்றேன்.

அக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை.

"வருவீங்க."